பொய்யாய் அடித்த மூன்று வரிகள்

கொம்பையா துணியை உதறிப் போர்த்திக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சை இறுக்கிய பிறகுதான், போன் எட்டாத தூரத்தில் இருப்பது குத்தாலிங்கத்துக்கு உறைத்தது. கண்ணாடிக்குக் கீழே பலகையில், சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே குப்புறக் கிடக்கிறது. வைத்தது அவன்தான். பீர் முகமதுவின் செய்தியைப் படித்த மறு நொடி, சுட்டுவிட்டது மாதிரி அதைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். 'வாத்தியாரே, மூணாவது அடித்தல். அதைப் பத்திப் பேசணும். கையில ஒரு மோட்டார் கெடக்கு, முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்.' அவ்வளவுதான். சிரிக்கிற முகம் இல்லை, கட்டைவிரல் இல்லை. சிரிப்பு முகம் போடாமல் செய்தி அனுப்புகிற ஆளா பீர்? கடையில் மோட்டார் காயில் கருகிப்போனதைக்கூட நாலு சிரிப்போடு அனுப்புகிறவன். "சார், மிஷினா கத்திரியா?" என்று கொம்பையா கேட்டான். கத்திரி என்றான். கத்திரி என்றால் நேரமாகும், மிஷின் என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் இறங்கிப் போய் வாசலில் நின்று பேசியிருக்கலாம், ஆனால் பேச என்ன இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டான், பீர் கண்டுபிடித்துவிட்டான், ஏழு மாதமாகப் பிடிபடாதது ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்திருக்கும்போது பிடிபட்டிருக்கிறது. எதிரே கண்ணாடியில் வெள்ளைத் துணிக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது. கை கால் இல்லாத அந்தத் தலையைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. வேறு எங்கே பார்ப்பது? முன்னால் கண்ணாடி, பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் கண்ணாடியாகப் பத்துப் பதினைந்து குத்தாலிங்கங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் இருபத்துமூன்று வருஷமாகப் பிசிக்ஸ் எடுக்கிறவர்கள்.

மூன்று பேர்தான் அந்த வாட்ஸப் குழுவில். காலேஜில் ஒரே பெஞ்சுக்காரர்கள் என்று சொல்ல முடியாது, செண்பகவல்லி பெண்கள் வரிசையில் இருந்தாள், ஆனால் லேபில் மூவரும் ஒரே மேஜை. அவள் இப்போது பெங்களூரில், ஏதோ கம்பெனியில் பார்த்த பெரிய வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். பீர் மேலப்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். வாரம் ஒருத்தர் கணக்குக் கொடுக்க வேண்டும், மற்ற இருவரும் போட வேண்டும், கணக்கோ பிசிக்ஸோ, பல்லை உடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். விளையாட்டுதான், பந்தயம் கிந்தயம் ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு சட்டம் உண்டு. கையால் பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அதில் அடித்தல் திருத்தல் இருக்க வேண்டும். அடித்தல் இல்லாத தாள் செல்லாது. அது பீர் போட்ட சட்டம். செண்பகவல்லி முதலில் சிரித்தாள், 'எல்லா எடத்துலயும் அடிச்சா மார்க்கைக் குறைப்பாங்க, இங்க அடிக்கலைன்னா குறைக்கியா?' என்று கேட்டாள். பீர் விளக்கம் சொல்லவில்லை. குத்தாலிங்கத்துக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் பாதியில் பீரின் வாப்பா மவுத்தாகி, அப்பா இல்லாத வீட்டுக்காக அவன் காலேஜை விட்டுக் கடையில் உட்கார்ந்தபோது, சாயங்காலம் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனவன் இவன்தானே. முதல் நாள் அழகாக எழுதிய ஃபேர் நோட்டைக் கொண்டுபோனான். பீர் நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இது அச்சடிச்ச மாதிரி இருக்குடே. இதுல எனக்கு ஒண்ணும் வெளங்காது. நீ மொதல்ல எங்க முட்டிக்கிட்டு நின்ன, எதை அடிச்ச, அதைக் கொண்டா." மறுநாளிலிருந்து ரஃப் நோட்டு போயிற்று. செம்புக் கம்பிச் சுருளுக்கும் வார்னிஷ் வாடைக்கும் நடுவில் உட்கார்ந்து, குத்தாலிங்கம் அடித்துப்போட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் பீர் மிச்சப் பிசிக்ஸைப் படித்தான். பட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. சும்மா, ஆசைக்கு. அந்தப் பீருக்குத்தான் ஏழு மாதமாக... "தலையைக் கொஞ்சம் குனிங்க சார்." குனிந்தான். குனிவது நல்லதாக இருந்தது. கண்ணாடி தெரியாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் செண்பகவல்லி ஒரு கணக்கு அனுப்பினாள். சுழல்கிற கம்பியில் ஒரு மணி கோத்திருக்கிறது, எங்கே நிற்கும் என்று. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு இரண்டு மணி நேரமாக ஒன்றும் வரவில்லை. கஷ்டமாக இருந்தது என்றால் பரவாயில்லை, கஷ்டமான கணக்கு எத்தனையோ பார்த்திருக்கிறான். இது அப்படி இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. வருஷா வருஷம் அதே பாடம், அதே உதாரணம், அதே ஐந்து மார்க் கேள்வி, அதே இடத்தில் அதே சிரிப்புத் துணுக்கு, இப்படியே ஓட்டி ஓட்டி மண்டை களிமண்ணாகிப் போயிற்றோ என்று பயம் வந்தது. நிஜமாகவே பயந்தான். அப்போது பார்த்துப் பீர், 'என்ன வாத்தியாரே, தூங்கிட்டியளா?' என்று அனுப்பினான், சிரிப்பு முகத்தோடு. வாத்தியார் தூங்கலாமா? போனில் மகள் படிப்புக்காக இறக்கி வைத்த ஒரு செயலி இருந்தது, எதைக் கேட்டாலும் வரி வரியாகப் போட்டுக் கொடுத்துவிடும். ஒரு குறிப்பு மட்டும் பார்க்கலாம் என்று திறந்தான். முதல் வரி மட்டும், முதல் வரி கிடைத்தால் மிச்சத்தை நாமே போட்டுவிடலாம். அது முழுசையும் காட்டியது, அவன் முழுசையும் பார்த்தான். பார்த்ததைப் பார்க்காத மாதிரி எப்படி இருப்பது? எழுதி அனுப்பினான். சட்டத்துக்காக இரண்டு இடத்தில் அடித்தான். 'வாத்தியார்னா வாத்தியார்தான்டே' என்று பீர் எழுதினான். அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது. அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை, இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு வித்தை கைவந்துவிட்டது. விடையை வாங்க இரண்டு நிமிஷம், தப்பை உண்டாக்க ஒன்றரை மணி நேரம். எந்த இடத்தில் ஒரு மனுஷன் தப்புச் செய்வான் என்று யோசிப்பான். குறி மாறிப்போகும் இடம், ஒரு ஆரத்தைக் கூட்ட மறக்கும் இடம். அடிக்கிற வரியைக் கொஞ்சம் வேகமாக எழுத வேண்டும், எழுத்துச் சாய வேண்டும். கோபத்தில் அடித்தால் இரண்டு கோடு, சலிப்பில் அடித்தால் ஒரு கோடு. நடுவில் பேனா மை தீர்ந்த மாதிரி ஒரு தடவை பென்சிலுக்கு மாறினான், செண்பகவல்லி, 'பேனா வாங்கக்கூட நேரமில்லாம போடுதான் பாரு' என்று கேலி செய்தாள். ஓரத்தில் சின்னதாகச் 'சே' என்று எழுதுவதை மூன்றாம் மாதம் கண்டுபிடித்தான். அந்தச் 'சே' நன்றாக எடுபட்டது. அந்த நேரத்துக்குக் கணக்கையே இரண்டு தடவை போட்டிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது, ஆனால் உட்கார்ந்து போட்டு வராமல் போய்விட்டால்? செய்யாமல் இருக்கும்வரை முடியாது என்று தெரியாது அல்லவா, அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதம் ஓடியது. பலகையில் போன் ஒரு தடவை நடுங்கியது. சீப்பு ஒன்றில் இடித்து நின்றது. பீரா? கூப்பிடுவதென்றால் தொடர்ந்து அடிக்கும், இது செய்தி. குழுவில் எழுதியிருப்பானோ? செண்பகவல்லியிடம் சொல்லியிருப்பானோ? சொன்னால் அவள் என்ன செய்வாள், பழைய தாள்களை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்ப்பாள், அவள் அப்படிப்பட்டவள், எதையும் அடியிலிருந்து தோண்டுவாள். ஏழு மாதச் 'சே'க்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். நெற்றி வேர்த்தது. "ஏசி இல்லைல்லா சார், ஃபேனைக் கூட்டி வைக்கட்டா?" என்றான் கொம்பையா. வேண்டாம் என்றான். பெஞ்சில் காத்திருந்த பெரியவர் பேப்பரைத் திருப்பினார்.

சரி, மூன்றாவது அடித்தலில் என்னதான் இருந்தது? நிதானமாக யோசி, அடித்தல் எல்லாம் ஒரே மாதிரிதானே, முதல் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் ஏன் சொன்னான்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிய தாளை மனசுக்குள் விரித்தான். கணக்கு பீருடையது. பள்ளிவாசல் கும்மட்டத்து உச்சியில் ஒரு பந்து உட்கார்ந்திருக்கிறது, லேசாகக் காற்றடித்து உருள ஆரம்பிக்கிறது, வழுக்கவில்லை, உருளத்தான் செய்கிறது, எந்தக் கோணத்தில் கும்மட்டத்தை விட்டுக் கிளம்பும்? படித்த உடனே இது தெரிந்த கணக்குதான், கோளத்து மேல் உருளும் குண்டு, என்று செயலியில் கேட்டான், அது பதினேழில் பத்து என்றது. கோணத்தின் கொசைன் பதினேழில் பத்து. எழுதினான். முதல் அடித்தல், குறி. இரண்டாவது அடித்தல், சின்ன ஆரத்தைக் கூட்ட மறந்த மாதிரி. மூன்றாவதுக்கு என்ன போடலாம் என்று யோசித்து, பையன்கள் எப்போதும் மாற்றிப்போடுகிற இடத்தைப் பிடித்தான். சுழற்சிக்குப் போடுகிற பின்னம், உள்ளே கட்டியான குண்டுக்கு ஐந்தில் இரண்டு, உள்ளே ஒன்றுமில்லாத பந்துக்கு மூன்றில் இரண்டு, இதைப் பரீட்சைக்குப் பரீட்சை குழப்புவார்கள். ஆகவே முதலில் மூன்றில் இரண்டு என்று எழுதி, கோபமாக இரண்டு கோடு இழுத்து, ஐந்தில் இரண்டு என்று திருத்தி, ஓரத்தில் 'சே' போட்டான். நல்ல அடித்தல் என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டான். கொம்பையா பின்மண்டையில் தண்ணீரைப் பீய்ச்சினான். ஜில்லென்று கழுத்தில் வழிந்தது, அந்த நேரம் பார்த்து பீரின் கணக்கில் நடுவில் இருந்த ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது. 'பிள்ளைகள் வெளையாடுத ரப்பர் பந்து. உள்ள காத்துதான்.' உள்ளே காத்துதான். காத்து. கணக்கைப் பாதிதான் படித்திருக்கிறான். காற்றுப் பந்துக்கு மூன்றில் இரண்டுதான். சரியானதை எழுதி, அதைத் தப்பு என்று அடித்து, பக்கத்தில் 'சே' என்று வேறு எழுதி அனுப்பியிருக்கிறான். பத்தாம் வகுப்புப் பையன்கூடச் செய்யமாட்டான், ஏனென்றால் பத்தாம் வகுப்புப் பையன் கணக்கைப் படிப்பான். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டதைக் கண்ணாடியில் பார்த்தான், கொம்பையாவும் பார்த்தான், "தண்ணி ரொம்பக் குளுருதோ சார்?" என்றான்.

நிஜ விடைதான் என்ன? வலது கை ஆள்காட்டி விரல் துணிக்கடியில் தொடை மேல் அசைய ஆரம்பித்தது. அவன் அசைக்கவில்லை, அதுவாக எழுதியது. உச்சியிலிருந்து இறங்கிய உயரம். அந்த ஆற்றல் இரண்டாகப் பிரியும், ஒன்று போவதற்கு, ஒன்று சுழல்வதற்கு. சுழல்வதற்கு மூன்றில் இரண்டு பங்கு கூட. கும்மட்டம் தாங்குவதை விடும் நேரத்தில் எடையின் ஒரு பகுதி மட்டும்தான் வளைத்துப் பிடிக்கும். இரண்டையும் சேர். வேகம் அடிபட்டுப் போகிறது. ஆரம் அடிபட்டுப் போகிறது. அட, எல்லாம் அடிபட்டுப் போகிறது. பதினொன்றில் ஆறு. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போட்டான், பதினொன்றில் ஆறு. கட்டிக் குண்டுக்குப் போட்டுப் பார்த்தான், பதினேழில் பத்து, சரியாக வந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கத்திரிச் சத்தத்துக்கு நடுவில், கையில் பேப்பர் இல்லாமல், தொடையில் போட்டுவிட்டான். மண்டை களிமண்ணாகவில்லை. ஒரு நொடி, சத்தியமாக ஒரே ஒரு நொடி, சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டான், உதடு சிரிக்கப் போனதைக் கண்ணாடியில் பார்த்தான். அப்புறம்தான் அது வந்தது. அப்படியானால் முடிந்திருக்கும். ஏழு மாதமும் முடிந்திருக்கும். முடியாதவன் களவு செய்தால் ஐயோ பாவம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம், அதுவும் இல்லை. பயத்தில் செய்தான், பிறகு சுகத்தில் செய்தான். வேறு காரணம் தேட இடமில்லை. தும்மல் வருகிற மாதிரி நடித்து மூக்கை உறிஞ்சினான்.

"ஷேவும் பண்ணிரலாமா சார்?" கேட்டுக்கொண்டே கொம்பையா நாற்காலியைச் சாய்த்துவிட்டான். நுரை குளிர்ச்சியாகக் கன்னத்தில் ஏறியது. மேலே ஃபேன் சுற்றுகிறது. போன் இன்னொரு தடவை நடுங்கியது. நடுங்கட்டும். இப்போது மூளை வேறு பக்கம் திரும்பிவிட்டது, மனுஷ மூளை அப்படித்தான், மாட்டிக்கொண்டால் முதலில் வழியைத்தான் தேடும். வழி இருந்தது. நல்ல, சுத்தமான, யாரும் சந்தேகப்பட முடியாத வழி. 'அட போடே, அவசரத்துல கட்டிக் குண்டுன்னு நெனச்சுட்டேன், காத்துங்கிறதைக் கவனிக்கல.' அவ்வளவுதான். இது யாருக்கும் வருகிற தப்பு. பீர் என்ன, யார் கேட்டாலும் நம்பலாம். அதற்கு மேல் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டால் போதும். அந்த வாக்கியத்தை மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தான். 'அட போடே'யை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா? 'கண்ணாடி போடாமப் படிச்சேன்' என்று சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமா? வேண்டாம், அதிகமாகச் சொன்னால் பொய் தெரியும், ஏழு மாத அனுபவம் பேசியது. இனிமேல் ஒழுங்காகப் போட்டுவிடுவோம், அதுதான் முடிகிறதே, இன்றோடு விட்டுவிடுவோம், யாருக்கும் தெரிய வேண்டாம், போனது போகட்டும். மனசு கொஞ்சம் லேசானது. அப்படி லேசானதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான். போன் தொடர்ந்து அடிக்க ஆரம்பித்தது.

"சார், போனு." "இருக்கட்டும்." கொம்பையா புறங்கையால் போனைப் புரட்டினான். "யாரோ பீருன்னு போட்டிருக்கு சார். கை சோப்பா இருக்கு, ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்க பேசுங்க." வேண்டாம் என்று சொல்லுமுன் கொம்பையா சுண்டு விரலால் பொத்தானை இழுத்துவிட்டான். உபகாரம் செய்கிறவர்களை யாரால் தடுக்க முடியும்? சலூன் முழுக்கப் பீரின் குரல் கேட்டது. "வாத்தியாரே, இருக்கியா? ஏ, அந்த மூணாவது அடித்தல்டே. ரெண்டு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மூணுல ரெண்டுன்னு மொதல்ல போட்டிருக்க. நானும் அதான் போட்டேன். கணக்கைக் குடுத்தவனே நாந்தான், காத்துப் பந்துன்னு எழுதுனவனும் நாந்தான். ஆனா நீ அதை அடிச்சிருக்க. சேன்னு வேற எழுதிருக்க. அப்ப எனக்குத் தெரியாதது ஏதோ அதுல இருக்கு. என்னதுடே? ரப்பர் கனமா இருக்கும்ங்கிறியா? உள்ள இருக்க காத்தும் சேந்து சுத்தும்ங்கிறியா? எப்படிப் போட்டாலும் எனக்குப் பதினொண்ணுல ஆறுதான் வருது. இப்ப செண்பகமும் அதையே அனுப்பிருக்கா. தப்பும்மா, வாத்தியார் அடிச்சிருக்காரு பாரு, மறுபடி போடுன்னு எழுதிட்டேன். என் தாள்லயும் அடிச்சுட்டேன். எங்க தப்புதேன்னு மட்டும் சொல்லுடே, கை வேலை ஓட மாட்டேங்கு."

'அட போடே' நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பீர் சிரிப்பான், தன் அடித்தலை அழித்துவிட்டுப் பதினொன்றில் ஆறை மறுபடி எழுதுவான், செண்பகவல்லி நாலு கேலி செய்வாள், பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடலாம். வாயைத் திறந்தான், நுரை உள்ளே போய்க் கசந்தது. என் தாளிலும் அடித்துவிட்டேன் என்கிறான். சரியாகப் போட்டவன், தன் கணக்கைத் தானே.

"பீரு, நீ போட்டதுதான் சரி."

"அப்ப நீ ஏன் அடிச்ச?"

"நான் போடலடே. போன்ல கேட்டு எழுதுனேன். அடித்தல் இருக்கணுமேன்னு சும்மா அடிச்சது."

கொம்பையாவின் கத்தி தாடைக்கு வந்த இடத்தில் நின்றது. பெஞ்சில் பெரியவர் பேப்பருக்கு மேலே பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தான். நினைத்தானே தவிர, கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்தக் கணக்கு மட்டுமா?"

"ஏழு மாசமா."

பீரின் பக்கம் யாரோ ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் வந்தது. பிறகு பீர் மெதுவாகப் பேசினான், சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "பங்குனில தண்ணித் தொட்டிக் கணக்கு ஒண்ணு போட்டோமே. அதுல நடுவுல ஒரு எடத்துல நீ தப்பு விட்டிருந்த. அதே எடத்துலதான் நான் பத்து நாளு மாட்டிக்கிட்டு முழிச்சேன். காலேஜை முடிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கும், நமக்கெல்லாம் எதுக்கு இந்த வேலைன்னு விட்டுறலாம்னு இருந்தேன்டே. அன்னைக்கு உன் தாள் வந்துது. வாத்தியாரும் அங்கனதான் விழுந்திருக்காருன்னு என் மவகிட்ட காட்டுனேன். நோட்டுல ஒட்டி வச்சிருக்கேன்."

குத்தாலிங்கத்துக்கு அந்தத் தாள் ஞாபகம் இருந்தது. அந்தத் தப்பை யோசித்துப் பிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

"அதுவும் பொய்தாம்டே."

"அப்ப அந்த எடத்துல நான் மட்டுந்தான் விழுந்தேனா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான்.